ஃபங்ஷன் பெயர் மாறினால் உங்கள் மெயிலுக்கு என்ன ஆகும்? தண்டர்பேர்டில் நடந்தது இதுதான்

தென் அந்தமானில், ஸ்ரீ விஜயபுரத்துக்கு வெளியே இருக்கிறது சௌல்தாரி கிராமம். அங்கே வீட்டிலிருந்தபடி சென்னை கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெயில் பார்ப்பதற்கு பிரவுசரைத் திறப்பதில்லை, தண்டர்பேர்ட்தான். அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. சென்னை - அந்தமான் கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்ட் 10-ம் தேதிதான் திறக்கப்பட்டது. சுமார் 2,300 கி.மீ. நீளமுள்ள அந்தக் கேபிள் வரும்வரை தீவுகளின் இணையம் செயற்கைக்கோளை நம்பித்தான் ஓடியது. நெட் கிடைக்கும்போது மெயிலை மொத்தமாக இறக்கிக்கொண்டு, கிடைக்காதபோது படிக்கிற பழக்கத்துக்கு தண்டர்பேர்ட் மாதிரி மென்பொருள்தான் சரிப்பட்டு வரும். பல வருட மெயில் உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கும்.

ஒரு நாள் அப்டேட் வருகிறது. சரி என்று அழுத்துகிறீர்கள். மறுபடி திறந்தால், தினமும் பயன்படுத்திய ஆட்-ஆன் ஒன்று வேலை செய்யவில்லை. 'இந்தப் பதிப்புடன் பொருந்தாது' என்று மட்டும் காட்டுகிறது. நீங்கள் எதையும் தொடவில்லை. அந்த ஆட்-ஆனை எழுதியவரும் எதையும் தொடவில்லை. அதனால்தான் அது நின்றுபோனது.

இதற்குப் பின்னால் இருப்பது மென்பொருள் துறையிலேயே மிகவும் சலிப்பான வேலை என்று பெயர் வாங்கிய ஒன்று: பழைய ஃபங்ஷன் அழைப்புகளைத் தேடிப்பிடித்துப் புதியதாக மாற்றுவது. ஐ.டி.யில் இருப்பவர்களுக்கு 'டெப்ரிகேட்டட்' என்ற மஞ்சள் வார்னிங் பழக்கமானதுதான். மற்றவர்களுக்காக முதலில் இருந்து பார்ப்போம்.

ஃபங்ஷன் ஏன் பழசாகிறது?

இது கல்யாண ஃபங்ஷன் இல்லை. ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் நிரல்துண்டுக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அந்த வேலை தேவைப்படும் இடத்தில் எல்லாம் பெயர் சொல்லி அழைப்பார்கள். பெரிய மென்பொருளில் ஒரே ஃபங்ஷனை நூற்றுக்கணக்கான இடங்களில் அழைத்திருப்பார்கள்.

பிறகு அதைவிட நல்ல ஏற்பாடு ஒன்று வருகிறது. பழைய பெயரை உடனே தூக்கிவிட்டால் எல்லாம் உடையும். அதனால் 'இது இன்னும் வேலை செய்யும், ஆனால் சீக்கிரம் போய்விடும், புதியதற்கு மாறுங்கள்' என்று அறிவிக்கிறார்கள். அதுதான் டெப்ரிகேஷன். கொஞ்ச காலம் கழித்து பழையதை நீக்கிவிடுவார்கள்.

அந்தமான்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 2018 டிசம்பர் 30-ம் தேதி ஹேவ்லாக் தீவு 'ஸ்வராஜ் தீவு' ஆனது, நீல் தீவு 'ஷஹீத் தீவு' ஆனது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் 'ஸ்ரீ விஜயபுரம்' என்று அறிவிக்கப்பட்டது. இன்றும் போர்ட் பிளேர் என்று எழுதி 744101 என்று பின்கோடு போட்டால் கடிதம் போகும். பழைய பெயரும் புதிய பெயரும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன. நிரலில் இதற்கு 'ஏலியாஸ்' என்று பெயர். விமான நிலையத்தின் ஐஎக்ஸ்இசட் என்ற குறியீடோ மாறவே இல்லை.

அப்படியானால் வேலை சுலபம்தானே, ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் போட்டா முடிஞ்சுது இல்லையா? 1996-ல் மெட்ராஸ் சென்னை ஆனபோது யாராவது எல்லா ஆவணங்களிலும் அப்படிச் செய்திருந்தால், 'சென்னை உயர் நீதிமன்றம்' என்றும் 'ஐஐடி சென்னை' என்றும் ஆகியிருக்கும். பேச்சில் அப்படிச் சொன்னாலும், அதிகாரப்பூர்வமாக இரண்டும் இன்னும் மெட்ராஸ்தான். எந்த மெட்ராஸ் ஊரைக் குறிக்கிறது, எந்த மெட்ராஸ் ஒரு நிறுவனத்தின் பெயருக்குள் இருக்கிறது என்று ஒருவர் உட்கார்ந்து படித்துத்தான் பிரிக்க வேண்டும்.

தண்டர்பேர்டின் தலைவலி வேறு மாதிரி

தண்டர்பேர்ட் மெயில் மட்டும் படிக்கும் மென்பொருள் இல்லை. யூஸ்நெட் நியூஸ்குரூப்களையும் படிக்கும். நெட்ஸ்கேப் காலத்திலிருந்து வந்த வழக்கம் அது. 1998 மார்ச்சில் நெட்ஸ்கேப் தன் நிரலைத் திறந்துவிட்டது. அதிலிருந்து வளர்ந்த மொசில்லா திட்டத்தில் மெயில் பகுதி தனி மென்பொருளாகி, 2004 டிசம்பர் 7-ல் தண்டர்பேர்ட் 1.0 வந்தது. அதன் நிரலில் 'மெயில்நியூஸ்' என்ற பெயரிலேயே ஒரு கோப்புறை இன்றும் இருக்கிறது. அதற்குள் நெட்ஸ்கேப் ஆட்கள் எழுதிய வரிகளும் உண்டு, போன மாதம் எழுதியவையும் உண்டு.

முக்கியமான விஷயம் இது: தண்டர்பேர்ட் தனியாக நிற்பதில்லை. ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரின் அடித்தளத்தின் மேல்தான் நிற்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் நிரல் 'மொசில்லா-சென்ட்ரல்' என்ற தொகுப்பில் இருந்தது, தண்டர்பேர்ட் 'காம்-சென்ட்ரல்' என்ற வேறொரு தொகுப்பில். ஃபயர்ஃபாக்ஸ் அணி ஒரு ஃபங்ஷனை மாற்றும்போது தங்கள் தொகுப்பில் உள்ள அழைப்புகளை எல்லாம் திருத்திவிட்டு, பழையதை நீக்கிவிடும். அவர்களைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. மேல்மாடியில் குடியிருக்கும் தண்டர்பேர்ட் காலையில் எழுந்தால் படிக்கட்டைக் காணோம். அன்றைய பில்ட் உடைந்து கிடக்கும். 'அந்த மாற்றத்தை இங்கேயும் கொண்டு வா' என்று ஒரு டிக்கெட் போட்டு, யாராவது ஒருவர் உட்கார்ந்து சரிசெய்ய வேண்டும். தண்டர்பேர்ட் டெவலப்பர்களுக்கு இதற்கென்றே 'போர்ட் பக்' என்று ஒரு பெயர் வழக்கில் இருந்தது.

அதாவது எப்போது மாற்றுவது என்ற தேதி அவர்கள் கையில் இல்லை. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இது புரியும்.

இந்தச் சுமை மென்பொருளின் உயிருக்கே வினையானது. 2012 ஜூலையில், தண்டர்பேர்டில் புதுமைகள் செய்வது இனி தங்கள் முன்னுரிமை இல்லை என்று மொசில்லா சொன்னது. 2015 கடைசியில் தலைவர் மிட்செல் பேக்கர், இரண்டையும் பிரிக்க வேண்டும் என்ற யோசனையை வெளிப்படையாக வைத்தார். அவர் சொன்ன முக்கியக் காரணம் இதுவே: ஃபயர்ஃபாக்ஸ் மாறும் வேகத்துக்கு ஈடுகொடுப்பதிலேயே தண்டர்பேர்ட் ஆட்களின் நேரம் போகிறது, தண்டர்பேர்டை நினைத்து ஃபயர்ஃபாக்ஸ் ஆட்களும் தயங்க வேண்டியிருக்கிறது. மெயில் படிப்பதற்கு யாரும் இல்லாமல் போனதால் வந்த நெருக்கடி இல்லை அது. பழைய அழைப்புகளைப் புதுப்பிக்கக் கைகள் போதாமல் வந்தது.

மூன்று முறை மாறிய ஒரே வரி

ஒரு உதாரணத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். ஒரு கோப்பில் இருப்பதை இன்னொரு கோப்புக்குள் கொண்டுவர 'இம்போர்ட்' என்று ஒரு வரி எழுதுவார்கள். தண்டர்பேர்டின் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் முழுக்க இந்த வரி சிதறிக் கிடக்கும்.

முதலில் 'காம்பொனன்ட்ஸ் யூட்டில்ஸ் இம்போர்ட்' இருந்தது. இது ஒரு தாராளமான ஆசாமி. கோப்பின் பெயரைச் சொன்னால் போதும், அது தருவதாகச் சொல்லும் எல்லாப் பெயர்களையும் உங்கள் அறையில் கொட்டிவிட்டுப் போகும். 2018 வாக்கில் 'குரோம்யூட்டில்ஸ் இம்போர்ட்' என்பதற்கு மாறினார்கள். இதில் உங்களுக்கு எந்தப் பெயர் வேண்டும் என்று நீங்களே அடைப்புக்குறிக்குள் எழுதும் வழக்கம் வந்தது. 2022-லிருந்து ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் சொந்த ஏற்பாடான 'இஎஸ் மாட்யூல்' முறைக்கு மாறத் தொடங்கினார்கள். இப்போது அழைக்கும் வரி மட்டுமல்ல, அழைக்கப்படும் கோப்பையே திருத்தி எழுத வேண்டும். கோப்பின் பெயர்கூட மாறும்.

மூன்றும் ஒரே வேலைதானே என்று தோன்றும். சிக்கல் அந்தத் தாராளத்தில்தான் இருக்கிறது. பழைய முறையில் ஒரு கோப்பு தனக்குத் தேவையான ஒரு பெயரைத் தானே கேட்டு வாங்காமல் இருந்திருக்கலாம். அதே ஜன்னலில் ஓடும் பக்கத்துக் கோப்பு வாங்கிக் கொட்டியதை வைத்து ஓட்டியிருக்கலாம். ஓசி சாப்பாடு. பக்கத்துக் கோப்பை ஒழுங்காகத் திருத்தினீர்கள் என்றால் இந்தக் கோப்புக்குப் பசி. அதுவும் உடனே தெரியாது. ஜாவாஸ்கிரிப்டில் அந்த வரி ஓடும்போதுதான் பெயர் இல்லை என்று தெரியும். யாரோ ஒருவர் மூன்று மாதம் கழித்து எப்போதோ பயன்படுத்தும் ஒரு மெனுவை அழுத்தும்போது வெடிக்கும்.

இதைக் கையால் செய்யவில்லை. மொசில்லா பயன்படுத்தும் இஎஸ்லிண்ட் என்ற சோதனைக் கருவியில் பழைய இம்போர்ட்டைக் கண்டால் தானே திருத்தும் விதி எழுதினார்கள். மாட்யூல் மாற்றத்துக்கு 'இஎஸ்மிஃபை' என்றே ஒரு கட்டளை உண்டு. நிரலின் இலக்கணத்தைப் புரிந்துகொண்டு மாற்றும் கருவிகள் இவை, வெறும் எழுத்தைப் பார்த்து மாற்றுபவை இல்லை. என்றாலும் ஓசி சாப்பாட்டுக் கோப்புகளைக் கண்டுபிடிக்க மனிதக் கண்ணும் சோதனைகளும்தான் வேண்டியிருந்தன.

இன்னொரு வகையும் உண்டு. மெயில் கோப்புறைகளின் பட்டியலை ஒரு காலத்தில் சி++ பக்கத்திலிருந்து மொசில்லாவின் சொந்தப் பட்டியல் வடிவத்தில் கொடுத்தார்கள். ஜாவாஸ்கிரிப்டில் அதைச் சுற்றிவருவது தொல்லை என்பதால் 'ஃபிக்ஸ் இட்டரேட்டர்' என்று ஒரு தற்காலிகப் பாலம் போட்டார்கள். பாலம் வசதியாக இருந்ததால் எல்லோரும் அதையே பயன்படுத்தினார்கள். பிறகு பட்டியலையே சாதாரண ஜாவாஸ்கிரிப்ட் வரிசையாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். இப்போது பாலமே வழக்கொழிந்த ஃபங்ஷன். அதன் அழைப்புகளையும் ஒவ்வொன்றாக எடுத்தார்கள். தற்காலிகம் என்று நீங்கள் எழுதியதை யார், எப்போது எடுப்பார்கள் என்று யோசித்திருக்கிறீர்களா?

வார்னிங் போச்சு, பிழை வந்தது

தண்டர்பேர்டை விட வயதான இன்னொரு மெயில் மற்றும் நியூஸ் மென்பொருள் க்னூஸ். ஈமேக்ஸ் என்ற எடிட்டருக்குள் ஓடுவது. ஜப்பானின் மசனோபு உமேடா முதலில் எழுதியதை, நார்வேயின் லார்ஸ் மாக்னே இங்கெப்ரிக்ட்ஸன் 1990-களில் புதிதாக எழுதினார். இங்கே அடித்தளமும் மென்பொருளும் ஒரே தொகுப்பில் வருகின்றன. அதனால் ஈமேக்ஸில் பழையதை நீக்குவதற்கு அவசரம் குறைவு. பழைய பெயரைப் பயன்படுத்தினால், எந்தப் பதிப்பிலிருந்து அது வழக்கொழிந்தது, பதிலுக்கு எதைப் பயன்படுத்த வேண்டும் என்று கம்பைலர் சொல்லும். பல வருடங்கள் சொல்லிக்கொண்டே இருக்கும்.

அவ்வளவு பொறுமையான இடத்திலும் ஒரு பொறி உண்டு. எனக்குத் தெரிந்தவரை இந்த விஷயத்தை விளக்க அதைவிட நல்ல உதாரணம் இல்லை.

ஈமேக்ஸில் 'ஃப்ளெட்' என்று ஒன்று இருந்தது. ஒரு ஃபங்ஷனுக்குத் தற்காலிகமாக வேறு பொருள் கொடுக்க உதவுவது. உதாரணமாக, ஒரு வேலை நடக்கும்போது 'நிச்சயமாக நீக்கவா?' என்று கேட்கும் ஃபங்ஷன் ஒன்று இடையில் வருகிறது. ராத்திரி யாரும் இல்லாதபோது வேலை தானாக ஓட வேண்டும். ஃப்ளெட் போட்டு, 'இந்த வேலை முடியும்வரை அந்தக் கேள்விக்கு எப்போதும் ஆம்' என்று மாற்றிவிடலாம். அந்த வேலை உள்ளே எங்கெங்கே போய் அந்தக் கேள்வியைக் கேட்டாலும் ஆம் என்றே வரும்.

24.3 பதிப்பில் ஃப்ளெட் வழக்கொழிந்தது. பதிலாக 'சிஎல்-ஃப்ளெட்' வந்தது. பெயரைப் பார்த்தால் முன்னொட்டு மட்டும்தான் வித்தியாசம். ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் செய்தால் கம்பைலர் வாயை மூடிவிடும். வார்னிங் பூஜ்யம். ஆனால் புதியது, அந்த அடைப்புக்குள் நீங்கள் கண்ணெதிரே எழுதிய வரிகளுக்கு மட்டும்தான் பொருளை மாற்றும். உள்ளே போய் வேறு ஃபங்ஷன்கள் கேட்கும் கேள்விக்கு அது பொருந்தாது. ராத்திரி வேலை 'நிச்சயமாக நீக்கவா?' என்று கேட்டுவிட்டு விடியும்வரை காத்துக்கொண்டிருக்கும். பழைய பொருள்தான் வேண்டும் என்றால் 'சிஎல்-லெட்எஃப்' என்ற மூன்றாவது ஒன்றைப் பயன்படுத்த வேண்டும். ஒவ்வொரு அழைப்பிலும் எழுதியவர் எதை நினைத்தார் என்று கண்டுபிடித்துத்தான் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியும்.

2023 ஜூலையில் வந்த ஈமேக்ஸ் 29.1-லும் இதே கதை சிறிய அளவில் நடந்தது. வரியின் தொடக்கம் எங்கே என்று சொல்லும் ஒரு பழைய ஃபங்ஷன் விடைபெற்றது. மாற்றாக இரண்டு கிடைத்தன: ஒன்று 'ஃபீல்டு' எல்லைகளை மதிக்கும், மற்றொன்று மதிக்காது, ஆனால் வேகமானது. சாதாரண வரியில் இரண்டும் ஒரே விடை தரும். எல்லா வரியும் சாதாரண வரி இல்லை.

உங்கள் டீமில் இந்த வேலை உங்கள் தலையில் விழுந்தால், மேனேஜரிடம் காட்ட வேண்டியது எத்தனை அழைப்புகளை மாற்றினீர்கள் என்பதைவிட, எத்தனையை அப்படியே மாற்ற முடியாது என்று பிரித்தீர்கள் என்பதுதான். பெயர் மட்டும் மாறியவற்றை ஒரு கமிட்டிலும், பொருள் மாறியவற்றைத் தனித்தனி கமிட்டுகளிலும் வையுங்கள். ரெவ்யூ செய்பவர் இருநூறு ஒரே மாதிரி வரிகளுக்கு நடுவில் இருக்கும் ஒரு வித்தியாசமான வரியைக் கண்டுபிடிக்க மாட்டார். நீங்களும் மாட்டீர்கள். அப்ரைசல் படிவத்தில் இதற்கு ஒரு கட்டம் இல்லை என்பது வேறு விஷயம்.

சௌல்தாரி ஆட்-ஆன் ஏன் நின்றது?

பழைய தண்டர்பேர்ட் ஆட்-ஆன்கள் மென்பொருளின் உள் ஃபங்ஷன்களை நேரடியாக அழைக்க முடிந்தது. அதனால் எதையும் செய்ய முடிந்தது. அதனாலேயே உள்ளே ஒரு பெயர் மாறினாலும் உடைந்தன. 2017 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 57 அந்த வகை ஆட்-ஆன்களுக்குக் கதவைச் சாத்தியது. தண்டர்பேர்ட் கொஞ்சம் இழுத்துப் பிடித்தது. 2019-ல் வந்த 68-ம் பதிப்பில், எழுதியவர்கள் திருத்திய ஆட்-ஆன்கள் மட்டும் ஓடின. 2020 ஜூலையில் வந்த 78-ல் பழைய முறை போயே போய்விட்டது. இனி 'மெயில் எக்ஸ்டென்ஷன்' என்ற குறிப்பிட்ட வாசல் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும்.

இதில் பெரிய பெயர் எனிக்மெயில். மெயிலை மறையாக்கம் செய்ய பல வருடங்கள் பலர் நம்பியிருந்த ஆட்-ஆன். தங்களுக்குத் தகவல் தருபவர்களைக் காப்பாற்ற வேண்டியவர்களுக்கு அது நின்றால் வெறும் அசௌகரியம் இல்லை. அதனால் 2019 அக்டோபரிலேயே, எனிக்மெயில் செய்ததை தண்டர்பேர்டே 78-ம் பதிப்பில் தனக்குள் எடுத்துக்கொள்ளும் என்று அறிவித்தார்கள். செய்தும் காட்டினார்கள். ஆனால் அடியில் இருந்த கருவி மாறியது. எனிக்மெயில் வெளியே இருந்த க்னூபிஜியை அழைத்தது. தண்டர்பேர்ட் 'ஆர்என்பி' என்ற நூலகத்தைக் கூடவே கொண்டு வந்தது. சாவிகளை இடம் மாற்ற வேண்டியிருந்தது. ஒரு ஆளின் ஓய்வுநேர உழைப்பில் ஓடிய சின்ன ஆட்-ஆன்கள் பலவற்றுக்கு இந்த அதிர்ஷ்டம் இல்லை.

தண்டர்பேர்டின் நிலை அதன் பிறகு மேம்பட்டது. 2020 ஜனவரியில் அது எம்இசட்எல்ஏ டெக்னாலஜிஸ் என்ற மொசில்லா துணை நிறுவனத்துக்குள் போனது. பயனர்கள் தரும் நன்கொடையே முக்கிய வருமானம். 2022-ல் மட்டும் 64 லட்சம் டாலருக்கு மேல் வந்தது. 'போர்ட் பக்' டிக்கெட்டுகளை மூடச் சம்பளத்துக்கு ஆள் வைக்க முடிந்தது.

தமிழுக்கு இதில் ஒரு சின்ன இழப்பு உண்டு. ஒரு காலத்தில் தண்டர்பேர்டுக்கு 'தமிழ் (இலங்கை)' என்று ஒரு பதிப்பு இருந்தது. மெனுவில் வரும் சொற்களுக்கும் நிரலில் பெயர்கள் உண்டு. அவை மாறும்போது, வைக்கும் கோப்பின் வடிவம் மாறும்போது, ஒவ்வொரு மொழியிலும் யாராவது பின்னால் ஓட வேண்டும். ஓட ஆள் இல்லாத மொழி ஆங்கிலமாகவே தெரியத் தொடங்கும், பிறகு பட்டியலிலிருந்து இறங்கும். இன்று தண்டர்பேர்டின் பதிவிறக்கப் பட்டியலில் தமிழ் இல்லை.

சரி, அப்டேட்டைத் தள்ளிப்போடலாமா?

கொஞ்ச நாள் போடலாம். ரொம்ப நாள் வேண்டாம். மெயில் மென்பொருள் என்பது ஊர் பேர் தெரியாதவர்கள் அனுப்பும் கோப்புகளைத் திறந்து படிக்கும் மென்பொருள். பாதுகாப்புத் திருத்தம் இல்லாத பழைய பதிப்பு ஆபத்தானது. இப்போது இரண்டு வரிசைகள் உண்டு: மாதம் ஒன்று வருவது, வருடத்துக்கு ஒருமுறை மட்டும் பெரிய மாற்றம் வந்து இடையில் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும் 'இஎஸ்ஆர்'. ஆட்-ஆன்களை நம்பி வேலை செய்பவர் என்றால் இஎஸ்ஆர் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய அப்டேட்டுக்கு முன் ஹெல்ப் மெனுவில் டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் பக்கத்தைத் திறந்தால் உங்கள் புரொஃபைல் கோப்புறை எங்கே இருக்கிறது என்று காட்டும். தண்டர்பேர்டை மூடிவிட்டு அந்தக் கோப்புறையை அப்படியே வேறு டிஸ்க்கில் காப்பி எடுங்கள். பாப் முறையில் இறக்கி சர்வரில் வைக்காமல் விட்ட மெயில் என்றால், உலகத்தில் அதன் ஒரே பிரதி அந்தக் கோப்புறைதான். பிடிக்கவில்லை என்றால் பழைய பதிப்பைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். புதிய பதிப்பு ஒருமுறை திறந்த புரொஃபைலைப் பழைய பதிப்பு திறக்க மறுத்து, புதிதாக ஒன்று தொடங்கச் சொல்லும்.